நிழல் விடும் நேரத்தை யார் கணிப்பது?

விடியலுக்கு முன் பன்னாட்டு விண்வெளி நிலையம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. நேரமும் திசையும் தரப்படுகின்றன. சொன்ன நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறி, சொன்ன திசையின் அடிவானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ஒன்றும் தென்படுவதில்லை. இரண்டு நிமிடம் கழித்து, பலர் படியிறங்கிவிட்ட பிறகு, நடுவானில் வெற்றிடத்திலிருந்து ஓர் ஒளிப்புள்ளி முளைத்துக் கிழக்கே ஓடுகிறது. மேகம் மறைத்தது என்கிறார் ஒருவர். கணிப்பு பிழைத்தது என்கிறார் இன்னொருவர். வேற்றுக்கிரகக் கலம் என்று காணொளி போடுகிறார் மூன்றாமவர். கணிப்பில் பிழை ஏதுமில்லை. செயற்கைக்கோள் அடிவானத்தைத் தாண்டி எழுந்த நேரம் ஒன்று. புவியின் நிழலைவிட்டு வெளியேறிய நேரம் வேறொன்று. இரண்டும் ஒரே சொல்லுக்குள் திணிக்கப்பட்டதன் விளைவே இந்தக் குழப்பம்.

இதை ஊடகங்களின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. செயற்கைக்கோள் எப்போது தெரியும் என்ற கேள்விக்கு விடை கணிப்பது பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு உட்பட்ட செயல். அதைச் செய்யத் தெரியாமலேயே இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று வெளியேற முடிகிறது என்றால் குறை பாடத்திட்டத்தில் இருக்கிறது. “செயலி சொல்லிவிடுகிறதே, கணக்கு எதற்கு?” என்று பேராசிரியர்களே கேட்கிறார்கள் என்றால் குறை இன்னும் ஆழமானது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு எவ்வளவு எளிது என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு செயற்கைக்கோள் கண்ணில் பட மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். அது பார்ப்பவரின் அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும். பார்ப்பவரின் வானம் போதுமான அளவு இருண்டிருக்க வேண்டும். செயற்கைக்கோள் மீது வெயில் பட வேண்டும். முதல் இரண்டும் எல்லோரும் அறிந்தவை. மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தரையில் நிற்பவருக்குச் சூரியன் மறைந்துவிட்டது என்பதால் 420 கி.மீ. உயரத்தில் பறப்பதற்கும் மறைந்துவிட்டதாகப் பொருளில்லை. கோபுரத்தின் கலசத்தில் வெயில் இருக்கையில் தெருவில் இருட்டியிருப்பதைப் போன்றதுதான் இது.

எந்த உயரம்வரை நிழல் ஏறியிருக்கிறது என்பதைக் கண்டறிய ஒரு செங்கோண முக்கோணம் போதும். புவியின் ஆரம் 6378 கி.மீ. ஓரிடத்தில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகை இறங்கியிருந்தால், அவ்விடத்துக்கு நேர் மேலே நிழலின் விளிம்பு ஏறத்தாழ 410 கி.மீ. உயரத்தில் இருக்கும். ஆரத்தை 20 பாகையின் கொசைனால் வகுத்து, வந்ததிலிருந்து ஆரத்தைக் கழித்தால் கிடைப்பது அது. இதையே திருப்பிப் போட்டால், 420 கி.மீ. உயரத்தில் செல்லும் விண்வெளி நிலையத்தின் மீது வெயில் பட, அதற்கு நேர் கீழே உள்ள நிலத்தில் சூரியன் 20 பாகைக்குச் சற்றே கூடுதலான இறக்கத்துக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. 550 கி.மீ. உயரத்துக்கு அந்த எல்லை 23 பாகை. 1200 கி.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 33 பாகை. செயற்கைக்கோளின் உயரம் கூடக் கூட, இரவில் அது ஒளிரும் காலமும் கூடுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது, பின்னால் தேவைப்படும்.

சென்னையில் மார்ச் மாதப் பின்னிரவு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சூரியன் 25 பாகை கீழே இருக்கிறது. விடிய இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் உண்டு. விண்வெளி நிலையம் தலைக்கு மேலாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. சென்னைக்கு நேர் மேலே அது இருக்கும்போது நிழலுக்குள் இருக்கிறது. சூரியன் இருக்கும் கீழ்த்திசையில் இன்னும் 5 பாகை, அதாவது தரைக்கணக்கில் சுமார் 550 கி.மீ. சென்ற பிறகே வெயிலுக்கு வருகிறது. அப்போது சென்னைவாசிக்கு அது கிழக்கு வானில் ஏறத்தாழ 34 பாகை உயரத்தில் தெரியத் தொடங்கும். மேற்கே எழுந்து, உச்சியைக் கடந்து, கிழக்கே பாதி இறங்கும்வரை தலைக்கு மேலே ஊர்ந்த கலம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு நாள் அதே பாதையில் சற்றுத் தாமதமாக, சூரியன் 15 பாகை இறக்கத்தில் இருக்கும்போது கடந்தால், மேற்கு வானிலேயே அதே 34 பாகையை ஒட்டிய உயரத்தில் முளைத்துவிடும். பாதை மாறவில்லை, நிழல்தான் நகர்ந்திருக்கிறது. மாலையில் இதன் தலைகீழ் நிகழும். புவியின் நிழல் அப்போது கிழக்கே எழுவதால், மேற்கிலிருந்து ஒளியோடு வரும் நிலையம் கிழக்கு வானில் நடுவழியில் அணைந்துபோகும். அணைவதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வியப்படைவதில்லை. தொலைவுக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முளைப்பதுதான் மனிதரைத் திகைக்க வைக்கிறது.

நிரலாக எழுத விரும்பும் மாணவருக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. புவி மையத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு ஒரு திசையன். சூரியனை நோக்கி ஓர் அலகுத் திசையன். இரண்டின் புள்ளிப் பெருக்கல் குறை எண்ணாக வந்தால் செயற்கைக்கோள் புவியின் இரவுப் பக்கத்தில் இருக்கிறது. அப்போது சூரியத் திசை அச்சிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவு புவியின் ஆரத்தைவிடக் குறைவாக இருந்தால் அது நிழலில் இருக்கிறது. கூடுதலாக இருந்தால் வெயிலில் இருக்கிறது. பைத்தானில் பத்து வரி. நிழல் உண்மையில் உருளையன்று, கூம்பு. அதன் நீளம் சுமார் 13.8 லட்சம் கி.மீ. ஆனால் விண்வெளி நிலையத்தின் தொலைவில் முழுநிழலின் விளிம்பு உட்பக்கமாகக் குறுகும் அளவு பக்கத்துக்கு 11 கி.மீ. அளவே. சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டாக இருப்பதால், முழு நிழலுக்கும் முழு வெயிலுக்கும் இடையே ஓர் அரைநிழல் இருக்கிறது. 93 நிமிடத்தில் புவியைச் சுற்றும் கலம் அரைப் பாகையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் எட்டு நொடி. ஆக, முளைப்பது என்பது ஒரு கணமன்று. எட்டு நொடி விடியல். வளிமண்டலம் வளைத்தனுப்பும் செந்நிற ஒளி அதன் முன்னால் மங்கலாக வந்து சேரும். கவனமாகப் பார்ப்பவர்களுக்குப் புள்ளி முதலில் செம்மை கலந்து தோன்றி, பிறகு வெளுப்பது தெரியும். இவ்வளவுதான் இயற்பியல்.

அடுத்த சாக்கு மொழி பற்றியது. இந்த நுட்பத்தையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது, சொல் இல்லை, ஆகவே ‘தெரியும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம் என்பது அந்த வாதம். சொல் இல்லாமல் இல்லை. நிழலுக்குள் செல்வதற்கும் நிழலிலிருந்து வெளிவருவதற்கும் இந்திய மொழிகள் பலவற்றிலும் இணைச்சொற்கள் பல நூற்றாண்டுகளாக நாவில் புழங்குகின்றன. கிரகணம் பிடிக்கிறது, கிரகணம் விடுகிறது என்கிறது தமிழ். தெலுங்கில் பட்டு, விடுப்பு. கன்னடத்தில் ஹிடி, பிடு. இந்தியில் லக்னா, சூட்னா. பற்றுதல், விடுதல் என்ற ஒரே உருவகம் மொழிக்குடும்ப எல்லையைத் தாண்டிப் பரவியிருக்கிறது. எழுத்து வழக்கில் பஞ்சாங்கங்கள் இன்னும் துல்லியமானவை: பரிசம், நிமீலனம், மத்தியமம், உன்மீலனம், மோட்சம் என ஐந்து கட்டங்கள். நிழல் தொடுவது வேறு, முழுதும் விழுங்குவது வேறு, விளிம்பு விடுபடத் தொடங்குவது வேறு, முழுதும் விடுபடுவது வேறு என்பதைப் பத்து ரூபாய்ப் பஞ்சாங்கம் பிரித்துச் சொல்லிவந்திருக்கிறது. செயற்கைக்கோளுக்கு இந்த ஐந்தில் நடு மூன்றைப் பற்றிக் கவலையில்லை; ‘நிழல் பிடிக்கும் நேரம்’, ‘நிழல் விடும் நேரம்’ என்ற இரண்டே போதும். பாட்டிக்கும் புரியும் சொற்கள் இவை. கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூட வேண்டியதில்லை.

பெரிய பொதுக் கணிப்புச் சேவைகள் இந்த வேறுபாட்டை மறைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாசாவின் அறிவிப்பு எந்த உயரத்தில், எந்தத் திசையில் தோன்றும் என்பதைப் பாகையில் தருகிறது. ஹெவன்ஸ்-அபவ் தளம் நிழலில் நுழையும் நேரத்தையும் நிழலைவிட்டு வெளிவரும் நேரத்தையும் தனி வரியாகவே காட்டுகிறது. அவற்றிலிருந்து எடுத்தெழுதும்போது உயரத்தைக் குறிக்கும் எண் உதிர்ந்துவிடுகிறது; ‘தோன்றும்’ என்பது ‘உதிக்கும்’ ஆகிவிடுகிறது. உதித்தல் என்ற வினை தமிழில் அடிவானத்தைத் தன்னுள் கொண்டது. நிலவு உதிக்கும், கதிரவன் உதிப்பான். நடுவானில் எதுவும் உதிப்பதில்லை. ஒரு வினைச்சொல்லின் தேர்வு ஆயிரம் பேரைத் தவறான இடத்தைப் பார்க்க வைக்கிறது. சொற்பொருளியல் பயனற்ற துறை என்று நகைக்கும் அறிவியல் துறையினர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பஞ்சாங்கத்தைக் குறிப்பிட்டவுடன் மகிழ்ந்துபோகிறவர்களுக்கும் ஒரு சொல். ஆரியபடர் 499இல் எழுதிய நூலின் கோளபாதத்தில் புவி நிழலின் நீளத்தை ஒத்த முக்கோணங்களைக் கொண்டு கணிக்கும் முறை இருக்கிறது. விளக்குக்கும் கம்பத்துக்கும் நிழலுக்கும் இடையேயுள்ள அதே உறவு. அது மெய்யான பெருமை. அதிலிருந்து தாவி, செயற்கைக்கோளையே முன்னோர் அறிந்திருந்தனர் என்று கருத்தரங்குகளில் முழங்குவோர் அந்த முக்கோணத்தை ஒருமுறையேனும் வரைந்து பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. வரைந்து பார்த்தவர் அப்படிப் பேச மாட்டார். முன்னோரைப் போற்றுவதற்கு அவர்கள் போட்ட கணக்கைப் போடுவதைவிடக் குறைந்த உழைப்புப் போதும் என்பதே இந்தப் பெருமிதத்தின் கவர்ச்சி.

இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் ஒன்று தமிழகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்தார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, எழுதாமலேயே கணித்தார் அவர். கிரகணம் மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்தது. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவில் பிழை இருந்தது. நிழல் விடும் நேரத்தில்தான் பிழை மிகுதி என்பது கவனிக்கத்தக்கது. ஆட்டோ நாய்கபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையில் இதை மீண்டும் ஆராய்ந்து, பாபிலோனிய முறைகளோடு அதற்குள்ள உறவைச் சுட்டினார்.

வாரன் சற்று ஏளனமாகவே எழுதினார்: கணித்தவருக்கு அடிப்படைக் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே உண்டு என்று. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் கைப்பேசியைத் திறந்து விண்வெளி நிலையத்தின் நேரத்தைப் பார்க்கும் இயற்பியல் ஆய்வாளரைப் பற்றி வாரன் என்ன எழுதியிருப்பார்? கோட்பாடு இவருக்கும் தெரியாது; நினைவாற்றலும் தேவையில்லை. ஒரு வேறுபாடு மட்டும் புதுச்சேரிக் கணிதருக்குச் சார்பாக நிற்கிறது. அவருடைய வாய்பாடு அவர் கையில் இருந்தது.

இன்றைய வாய்பாடு யார் கையில் இருக்கிறது? செயற்கைக்கோள் ஒவ்வொன்றின் சுற்றுப்பாதையும் இரண்டு வரிகளில் சுருக்கி வெளியிடப்படுகிறது. வரிக்கு 69 குறியீடுகள். சந்திரனின் 248 நாள் இயக்கத்தை 248 வாக்கியங்களில் அடக்கி, எழுத்துக்கு எண்ணாக மனப்பாடம் செய்த வாக்கிய மரபினருக்கு இந்த ஈரடி வடிவம் அந்நியமாகத் தோன்றியிருக்காது. இவ்வரிகளை வெளியிடுவது அமெரிக்க விண்வெளிப் படை. அவற்றிலிருந்து எதிர்கால நிலையைக் கணிக்கும் எஸ்.ஜி.பி.4 என்ற முறை 1980இல் வெளியான அமெரிக்க இராணுவ அறிக்கையொன்றின் வழியாகப் பொதுவெளிக்கு வந்தது. இந்தியாவின் செயற்கைக்கோள் ஒன்று காவலூருக்கு மேலே எப்போது நிழல் விடும் என்பதைக் கணிக்க விரும்பும் வேலூர் மாணவர், அதற்கான எண்ணை வழக்கமாக அமெரிக்கப் பட்டியலிலிருந்தே எடுக்கிறார். அந்தப் பட்டியல் இலவசமாகக் கிடைப்பது நன்றி பாராட்ட வேண்டிய செயல், மறுப்பதற்கில்லை. இன்னொரு நாட்டுப் படையின் பெருந்தன்மை நிலைத்திருக்கும் என்று நம்பி ஒரு நாட்டின் கல்வி இயங்கலாமா என்பதுதான் கேள்வி.

இந்த உறவு எப்போதும் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி ஸ்மித்சோனியன் வானியற்பியல் நிலையம் உலகெங்கும் பன்னிரண்டு இடங்களில் பேக்கர்–நன் நிழற்படக் கருவிகளை நிறுவியபோது அவற்றில் ஒன்று நைனிதாலில் இருந்தது. நைனிதாலில் எடுத்த படங்களிலிருந்து செயற்கைக்கோள்களின் நிலை அளக்கப்பட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றது. ‘ஆபரேஷன் மூன்வாட்ச்’ என்ற பெயரில் பல நாடுகளின் தன்னார்வலர்கள் சிறு தொலைநோக்கியும் நிறுத்துக்கடிகாரமும் கொண்டு செயற்கைக்கோள்கள் கடக்கும் நேரத்தைக் குறித்தனர். கணிப்புக்கும் காட்சிக்கும் இடையே விழுந்த சில நொடி வேறுபாட்டிலிருந்து, மேல் வளிமண்டலத்தின் அடர்த்தி சூரியச் செயல்பாட்டோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை டெஸ்மண்ட் கிங்-ஹீலி போன்றோர் வடித்தெடுத்தனர். பிழையே தரவாக இருந்த காலம் அது. கணிப்பை வாங்கி நுகர்பவருக்குப் பிழை எரிச்சலூட்டும். கணிக்கத் தெரிந்தவருக்கு அதே பிழை ஆய்வுப்பொருள்.

அந்தப் பிழை இன்றும் இருக்கிறது. ஈரடித் தரவு வெளியான நேரத்தில் ஏறத்தாழ ஒரு கி.மீ. பிசகோடு தொடங்கி, நாளுக்கு ஓரிரு கி.மீ. கூடிக்கொண்டே போகும். நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் செல்லும் கலத்துக்கு அது ஒரு நொடிக்கும் குறைவு. ஆனால் விண்வெளி நிலையம் தன் எந்திரங்களை இயக்கி உயரத்தைக் கூட்டிக்கொண்டால், பழைய தரவை வைத்திருக்கும் செயலி நிமிடக்கணக்கில் பிசகும். சூரியப் புயல் மேல் வளிமண்டலத்தை வீங்கச் செய்தாலும் அப்படியே. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கலங்களில் ஏறத்தாழ நாற்பது அத்தகைய வீக்கத்தில் சிக்கி வளிமண்டலத்துக்குள் விழுந்தன. செயலி இதில் எதையும் பயனருக்குச் சொல்வதில்லை, 5.12 என்று காட்டிவிட்டு அமைதியாக இருக்கிறது. நொடிக்குத் துல்லியமாக அச்சிடப்பட்ட எண்ணின் பின்னால் எவ்வளவு ஐயம் ஒளிந்திருக்கிறது என்று கேட்கத் தெரியாதவரை உருவாக்குவதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை.

இவை அனைத்தும் பொழுதுபோக்கு, விண்வெளி நிலையத்தைப் பார்க்காவிட்டால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். மேலே நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியம் இங்கேதான் வேலை செய்கிறது.

லடாக்கின் ஹன்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி 2022இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. விளக்குகளுக்குத் திரை, வாகன முகப்பொளிக்குக் கட்டுப்பாடு, ஊர்மக்களுக்குப் பயிற்சி என்று தரையில் செய்ய வேண்டியவை செய்யப்படுகின்றன. ஹன்லேயின் அகலாங்கு 32.8 பாகை. ஜூன் 21 நள்ளிரவில் அங்கே சூரியன் வடக்கு அடிவானத்துக்குக் கீழே 33.8 பாகை மட்டுமே இறங்கும். 550 கி.மீ. உயரச் செயற்கைக்கோளுக்கு எல்லை 23 பாகை என்று பார்த்தோம். ஆகவே அந்த நேரத்தில் அவை வடக்கே சுமார் 18 பாகை உயரத்துக்குக் கீழே மட்டும் ஒளிரும். அவ்வளவு தாழ்வாகத் தொலைநோக்கியைத் திருப்புவோர் அரிது. ஆனால் 1200 கி.மீ. உயரத்தில் இருப்பவற்றுக்கு எல்லை ஏறத்தாழ 33 பாகை. ஹன்லேக்கு நேர் உச்சியில் உள்ளது மட்டும் மயிரிழையில் நிழலுக்குள் இருக்கும். அங்கிருந்து சில பாகை வடக்கே நகர்ந்துவிட்டால், வடக்கு வானம் முழுவதிலும் அந்த உயரத்துச் செயற்கைக்கோள்கள் நள்ளிரவிலும் வெயிலில் இருக்கும். அதாவது கோடையின் உச்சத்தில் அவற்றில் பலவற்றுக்கு இரவு முழுவதும் நிழல் பிடிப்பதே இல்லை.

1200 கி.மீ. உயரத்தில் சுற்றுவது ஒன்வெப் தொகுப்பு. அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்கள். இந்தியாவின் பாரதி குழுமத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அவற்றில் 72 கலங்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் 36, 36 ஆக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ஏவூர்தி ஏற்றிச் சென்றது. முதல் ஏவுதல் கொண்டாடப்பட்ட சில வாரங்களில் ஹன்லே காப்பிடமாக அறிவிக்கப்பட்டதும் கொண்டாடப்பட்டது. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் பயிற்சி கல்விக்கூடங்களில் இருந்திருந்தால், இந்தப் பொருத்தப்பாட்டைப் பற்றிக் கேள்வி பெருவாரியாக எழுந்திருக்கும். இவை வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானவை என்பது உண்மை. தொலைநோக்கியின் உணரிக்கு அந்த மங்கல் பேரொளி. நீண்ட நேரம் திறந்திருக்கும் படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும்.

கணித்துத் தவிர்த்துக்கொள்ளலாமே என்பது நிறுவனங்கள் தரும் மறுமொழி. கணிப்பு உதவும், எந்த நிமிடத்தில் எந்தக் கலம் குறுக்கே வரும் என்று தெரிந்தால் திறப்பை நிறுத்தி வைக்கலாம். ஆனால் வீட்டுக்குள் மழை ஒழுகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது கூரையைச் சரிசெய்ததாகாது. ஒழுகும் நேரத்தைக் கணிக்கும் உழைப்பும் கூரையைப் பிரித்தவர் மீது விழாமல், நனைபவர் மீதே விழுகிறது. உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நிழலில் இருக்கும் நேரத்தைக் கணக்கில் கொள்வதுதான் முறை. 550க்கும் 1200க்கும் உள்ள வேறுபாடு பொறியியல் வேறுபாடு மட்டுமன்று. ஓர் ஆய்வகத்தின் கோடைக்கால இரவுகள் அதில் அடங்கியிருக்கின்றன.

அகலாங்குக்கு அகலாங்கு நிலைமை மாறும் என்பதால் அயல்நாட்டு ஆய்வறிக்கையை அப்படியே படியெடுத்து ஒப்பாரி வைப்பதும் பயன் தராது. லண்டனில் ஜூன் 21ஐ ஒட்டிய இரவுகளில் சூரியன் ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் இறங்குவதேயில்லை. அங்கே விண்வெளி நிலையமே இரவு முழுதும் ஒளிரும். காவலூரில் ஜூன் நள்ளிரவில் சூரியன் 54 பாகை ஆழத்தில் இருக்கும்; உச்சிக்கு மேல் நாலாயிரம் கி.மீ.க்கும் அப்பால்வரை நிழல். காவலூரின் தொல்லை செயற்கைக்கோளன்று. சுற்றியுள்ள ஊர்களின் விளக்கு. நைனிதாலுக்கு அருகே 3.6 மீட்டர் தொலைநோக்கி கொண்ட தேவஸ்தலில் ஜூன் நள்ளிரவில் 1200 கி.மீ. கலங்கள் வடக்கே 63 பாகை உயரம்வரை ஒளிரும். ஆனால் பருவமழை வந்து ஆய்வகத்தையே மூடிவிடுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதி கணக்கில் வராமல் போகிறது. இப்படி இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்ல முடிந்தவர்தான் கொள்கை வகுப்போரிடம் பேச முடியும். மற்றவர்கள் ‘வானம் பறிபோகிறது’ என்று பொதுப்படையாகப் புலம்பலாம். அதற்குப் பொதுப்படையான ஆறுதல் மறுமொழியாகக் கிடைக்கும்.

பாதுகாப்புக் காரணங்களால் சுற்றுப்பாதைத் தரவை வெளியிட முடியாது என்ற எதிர்வாதம் எப்போதும் வரும். இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் அமெரிக்கப் பட்டியலில் மறைக்கப்பட்ட உளவுக் கலங்களையே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள தனியார்வலர்கள் இருகண்நோக்கியும் கடிகாரமும் கொண்டு கண்டுபிடித்துப் பாதை கணித்துவிடுகிறார்கள். வெயில் படும் பொருளை ஒளித்துவைக்க முடியாது. இராணுவக் கலங்களை விட்டுவிடலாம். தகவல் தொடர்புக் கலங்களுக்கும் புவி நோக்குக் கலங்களுக்கும் இரகசியம் என்ன இருக்கிறது? ஸ்ரீஹரிகோட்டாவில் பல பொருள்களை ஒரே நேரத்தில் தொடரும் ரேடார் இருக்கிறது. விண்வெளிப் பொருள்களைக் கண்காணிக்க ‘நேத்ரா’ திட்டம் இருக்கிறது. 2022 ஜூலையில் பெங்களூருவில் அதற்கென மையமும் திறக்கப்பட்டது. அளக்கும் திறன் நாட்டில் இருக்கிறது. அளந்தது ஈரடியாகவோ வேறு வடிவிலோ நாள்தோறும் மாணவர்களுக்கும் ஆய்வகங்களுக்கும் திறந்து வைக்கப்பட வேண்டும்.

கேட்கப்படுவது பெரிதன்று. இந்தியாவில் சேவை உரிமம் கேட்டு வரும் ஒவ்வொரு செயற்கைக்கோள் தொகுப்பும், ஹன்லே, தேவஸ்தல், காவலூர் ஆகிய மூன்று இடங்களுக்கும் மாதவாரியாக நிழல் பிடிக்கும் நேரம், விடும் நேரம், நள்ளிரவில் வெயிலில் இருக்கும் கலங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணையாக இணைத்துத் தர வேண்டும். 2025இல் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்குக்கும் இது பொருந்த வேண்டும், ஒன்வெப்புக்கும் பொருந்த வேண்டும். அவர்கள் தரும் அட்டவணையைச் சரிபார்க்கும் பணியை இளங்கலை மூன்றாம் ஆண்டின் செய்முறைத் தாளாக வைக்கலாம். ஒரு கணினி, பத்து வரி நிரல், ஒரு பருவத்துக்கு இரண்டு வைகறைகள் போதும். ஒரு குழு நிரலில் வந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நிற்கட்டும்; புள்ளி முளைத்த நொடியை இன்னொரு குழு குறிக்கட்டும். இரண்டுக்கும் இடையே விழும் வேறுபாட்டில் எட்டு நொடி அரைநிழலுக்கும், துருவத்தைவிட நடுக்கோட்டில் 21 கி.மீ. கூடுதலாக உள்ள புவி ஆரத்துக்கும், தரவின் பழமைக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்தெழுதச் சொன்னால், மதிப்பெண் போடும் ஆசிரியருக்கும் அந்தப் பருவம் வீணாகாது.